கடைசி வாரத்துப் பாடமா அது?

கேள்வி: முதியோர் பராமரிப்புப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். மரணம் பற்றிய பாடம் கடைசி வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான். துக்கத்தின் ஐந்து கட்டங்களைச் சொல்லி முடித்துவிடுவேன். நேரடிப் பயிற்சிக்குப் போன மாணவி ஒருத்தி, தான் கவனித்துக்கொண்ட பாட்டி இறந்ததும் படிப்பையே நிறுத்திவிட்டாள். "அவங்க மூச்சுக்குத் தவிச்சாங்க, நான் சும்மா நின்னேன்" என்று அழுகிறாள். நான் எதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதினார். மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் எழுதினார். எல்லோரும் அதே வரிசையில் அவற்றைக் கடப்பதில்லை. பாடத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கட்டும். ஆனால் உங்கள் மாணவிக்கு அன்று தேவைப்பட்டது வேறு. கண் முன்னால் நடப்பது என்ன, தன் கையால் என்ன செய்யலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி நாட்களில் மூச்சு சீராக இருக்காது. வேகமாக வரும், அடங்கும், சில நொடிகள் நின்றேவிடும், மறுபடி தொடங்கும். விழுங்கவும் இருமவும் முடியாததால் தொண்டையில் சளி தேங்கி 'கரகர'வென்று சத்தம் வரும். கேட்பவருக்குப் பதறும், நினைவிழந்த நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அது வேதனையாக இருப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தினால் சத்தம் குறையக்கூடும். இதையெல்லாம் முன்பே கேட்டிருந்தால் அந்தப் பெண் அன்று அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அதற்காக 'எல்லாம் இயல்புதான்' என்றும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். நெற்றி சுருங்குவது, திருப்பிப் படுக்க வைக்கும்போது முனகுவது, மூச்சுக்கு உடல் போராடுவது, இவை வலிக்கும் திணறலுக்கும் அடையாளமாக இருக்கலாம். உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். திணறலைத் தணிக்க மருத்துவர் குறைந்த அளவில் மார்ஃபின் கொடுப்பதும் உண்டு.

பசி அடங்கிவிடும். 'ஒரு வாயாவது' என்று குடும்பத்தார் கரண்டியோடு நிற்பார்கள். அன்புதான், ஆனால் விழுங்க முடியாதவருக்கு ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அதற்குப் பதில் வாயை ஈரப்படுத்தலாம். வகுப்பிலேயே செய்து பழகட்டும். ஒருத்தி கண்ணை மூடிப் படுக்க, இன்னொருத்தி ஈரப் பஞ்சைப் பிழிந்து உதட்டையும் ஈறுகளையும் மெல்லத் துடைக்கட்டும். 'இப்ப வாயைத் துடைக்கிறேன், பாட்டி' என்று சொல்லிவிட்டுத் தொடுவதற்கும் சொல்லாமல் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம் படுத்திருப்பவளுக்கு உடனே புரிந்துவிடும்.

பேச்சுக்கும் இப்படித்தான் பயிற்சி வேண்டும். "நான் செத்துடுவேனா?" என்று பெரியவர் கேட்டால், "சும்மா இருங்க தாத்தா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும். அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார். "ஏன் தாத்தா அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரப் பழக்குங்கள். எத்தனை நாள் என்பதைச் சொல்வது பராமரிப்பாளர் வேலையில்லை. அவர் கேட்டதை மருத்துவரிடம் தெரிவிப்பதுதான் வேலை. 1967-இல் லண்டனில், மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனம், குடும்பம், ஆன்மிகம் சார்ந்த வேதனைகளையும் சேர்த்தே பார்க்கச் சொன்னார். பயம் பேசும்போது கேட்டுக்கொள்வதும் சிகிச்சையின் பகுதி என்பது அங்கிருந்து வருகிறது.

பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நேரடிப் பயிற்சிக்கு முன்பு ஒருமுறை, இடையில் ஒருமுறை, முதல் இறப்பைப் பார்த்த பிறகு ஒருமுறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் தலைவாரிவிட்டவர் போய்விட்டார். இரண்டொரு நாளில் அதே கட்டிலில் வேறொருவர். பராமரிப்பாளரிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. 'நாம் என்ன சொந்தமா, அழுவதற்கு?' என்று அவர்களே அடக்கிக்கொள்கிறார்கள். இப்படி ஊர் ஏற்காத துக்கத்தைப் பற்றி, துக்கத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-இலேயே எழுதிவிட்டார். பணி முடிந்ததும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து இறந்தவரைப் பற்றிப் பேசும் வழக்கத்தையாவது நிலையத்தில் ஏற்படுத்துங்கள்.

சரி, அந்தப் பெண்ணிடம் இந்த வாரமே பேசுங்கள். அன்று நடந்ததை முதலிலிருந்து அவளே சொல்லட்டும். அப்புறம் அந்த மூச்சு ஏன் அப்படி இருந்திருக்கலாம் என்பதை விளக்குங்கள். அவள் பாட்டி பக்கத்திலேயே இருந்தாள், ஓடிவிடவில்லை. அதையும் சொல்லுங்கள். திரும்பி வருவது அவள் முடிவு. வந்தால், முதல் சில வாரங்கள் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துப் பணியில் போடுங்கள்.