கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் கவிதை இரவு நடத்தினால் ஆள் வருவார்களா?

கேள்வி: நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கிருஷ்ணகிரியில் ஒரு கவிதை இரவு நடத்தலாம் என்று இருக்கிறோம். யார் வேண்டுமானாலும் மைக் பிடித்து வாசிக்கலாம். வெளியூரிலிருந்து இரண்டு கவிஞர்களைச் சிறப்பு விருந்தினராக அழைக்கவும் ஆசை. பெங்களூரு, சென்னை மாதிரி இங்கே இதெல்லாம் நடக்குமா?

நடக்கும். தருமபுரியில் நண்பர்களோடு சேர்ந்து இப்படி ஒரு கூடலைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆள் வருவார்களா என்று பயப்பட வேண்டாம். கோடையில் பாரதக் கூத்து போட்டால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் பக்கம் இது. பதினெட்டாம் போர் அன்று, துரியோதனன் சாயும் படுகளத்துக்குப் பிள்ளை குட்டிகளோடு வந்து நிற்பார்கள். பாட்டும் வசனமும் கேட்டுப் பழகிய காதுகளுக்குக் கவிதையைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. எழுதுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், வெளியே தெரியாமல். பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் ஊருக்கு வரும் பையன், பர்கூர் ஜவுளிக் கடையில் நிற்கும் பெண், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எங்கள் மைக்கைப் பிடித்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் எழுதியதை வீட்டில்கூடக் காட்டியதில்லை. செல்போனில் எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் யோசிக்க வேண்டியது நிகழ்ச்சி நிரலைத்தான். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன்.

நம் பக்கத்து இலக்கிய விழாக்களுக்கு ஒரு வாடிக்கை உண்டு. விருந்தினர்கள் மேடையில் வரிசையாக உட்காருவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. அப்புறம் சிறப்பு விருந்தினர் பேசுவார், பேசி முடித்ததும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புவார். அவரை வழியனுப்பப் பாதிக் கூட்டம் எழுந்து போகும். மிச்சமிருக்கும் காலி நாற்காலிகளைப் பார்த்து உள்ளூர்ப் பிள்ளைகள் வாசிப்பார்கள். முதல் முறை வாசிக்க வந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. அவர் மறுபடி வரவே மாட்டார். எத்தனையோ மண்டபங்களில் இதைப் பார்த்து நொந்துபோய்த்தான் நாங்கள் வரிசையையே மாற்றினோம்.

எங்கள் கூடலில் மேடை நாற்காலி கிடையாது. விருந்தினர் கூட்டத்தோடு கூட்டமாக உட்காருவார். முதலில் திறந்த மேடை. அது சூடு பிடித்ததும் ஒரு விருந்தினர் இருபது நிமிடம் வாசிப்பார். மறுபடி திறந்த மேடை. கடைசியில்தான் இரண்டாவது விருந்தினர். அவருக்காகக் காத்திருக்கும் கூட்டம் எல்லாரையும் கேட்டுவிட்டுத்தான் போகும்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறை ஒன்றும் இல்லை. முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கில் இளையவர்கள் முதலில் வாசிப்பார்கள், மூத்தவர் கடைசியில்தான். அதுவரை அவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நல்ல வரி வந்தால் கேட்பவர்கள் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். உங்கள் கிருஷ்ணகிரியில் உருது பேசும் பெரியவர்கள் நிறைய உண்டு. அவர்களில் யாராவது முஷாயிரா கேட்டவராக இருப்பார். முதல் கூடலுக்கே அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். கவிதையை எப்படிக் கேட்பது என்பதை அவரைப் பார்த்தே கூட்டம் பழகிக்கொள்ளும்.

விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும்போது போனிலேயே கேட்டுவிடுங்கள்: "ஐயா, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இருக்க முடியுமா?" முடியாது என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வேறொரு மாதம் பார்த்துக்கொள்ளலாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒருமுறை பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா லாரியில் போய் மூன்று நாள் கழித்து வீடு திரும்புவதைப் பற்றி வாசித்தான். பிறகு தன் முறை வந்தபோது விருந்தினர் புத்தகத்தைத் திறக்காமல், அந்தக் கவிதையின் நடுவில் வந்த ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லி, "இது இருக்கட்டும், இதற்கு மேலே இருக்கும் நாலு வரியை எடுத்துவிடு தம்பி" என்றார். அந்தப் பையன் இன்றுவரை ஒரு கூடலையும் தவறவிட்டதில்லை. விருந்தினரை அழைப்பதன் பலன் இதுதான்.

விருந்தினருக்குச் செய்யும் மரியாதையையும் சொல்லியாக வேண்டும். நம் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடி, குன்றும் மலையும் கடந்து சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வந்தார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்றார். என் தகுதி அறிந்து, பேணிக் கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார் (புறநானூறு 208). நம் மண்ணில் நடந்த விஷயம் இது. அதனால் கவிஞரை அழைக்குமுன் அவருடைய ஒரு தொகுப்பையாவது நீங்கள் நாலு பேரும் படித்துவிடுங்கள். அறிமுகம் செய்பவர் விருதுப் பட்டியலை வாசிக்காமல், தனக்குப் பிடித்த ஒரு கவிதையைச் சொல்லி அழைக்கட்டும். பொன்னாடைக்கு ஆகும் காசில் அவர் புத்தகங்களை வாங்கி வாசலில் ஒரு மேசையில் விற்பனைக்கு வையுங்கள். போக்குவரத்துச் செலவை அவர் கேட்கும்படி வைக்காதீர்கள், வந்ததும் உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருபவர் தருமபுரியிலோ ஓசூரிலோ இறங்கினால், அழைத்துவர ஒருவர் நிலையத்தில் நிற்க வேண்டும்.

இனி நடைமுறை. கவிதை இரவு என்று பெயர் இருக்கட்டும், ஆனால் மாலை நாலரைக்கே தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ்தான் உங்கள் உண்மையான கடிகாரம். பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வருவதும் வராததும் அதைப் பொறுத்தது. யார் எந்த பஸ் என்று பெயர் கொடுக்கும்போதே கேட்டு, தூரத்து ஊர்க்காரர்களை முதலில் வாசிக்க விடுங்கள்.

ஆளுக்கு நாலு நிமிடம். முன்னுரை வேண்டாம், நேராகக் கவிதை. மணி அடித்து நிறுத்தாதீர்கள், ஒருவர் எழுந்து நின்றாலே போதும், புரிந்துகொள்வார்கள். மதிப்பெண், பரிசு எதுவும் வைக்காதீர்கள். பரிசு வந்துவிட்டால் தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

மைக் செட் வாடகைக்கு எடுத்தால், ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வாசிப்பவருக்குப் பின்னால் வைத்தால் அதன் சத்தமே மைக்குக்குள் திரும்பப் போய் 'கூ'வென்று கத்தும். வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்து, நாலு விரல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். முப்பது பேருக்குள் என்றால் மைக்கே வேண்டாம், வட்டமாக உட்காருங்கள். எங்கள் கூடலில் ஒரு கூத்துக் கலைஞர் மைக்கை நகர்த்தி வைத்துவிட்டுக் கர்ணன் விருத்தம் எடுத்தார், தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். திறந்த வெளி என்றால் ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இரவு பத்துக்கு மேல் கூடவே கூடாது.

மொழிக்கு வேலி போடாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் எழுதியதை அந்த மொழியிலேயே வாசிக்கட்டும், பொருளை இரண்டு வரியில் தமிழில் சொன்னால் போதும்.

சாதி பற்றி முதலிலேயே தெளிவாக இருங்கள். பட்ட கொடுமையை ஒருவர் எழுதி வந்தால் முழுமையாக வாசிக்கட்டும், யாராவது முகம் சுளித்தாலும் நீங்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். எந்தச் சாதியையும், எந்தத் தனி ஆளையும் இழிவு செய்யும் வரிக்கு மட்டும் இடமில்லை. இதை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே எல்லார் முன்னும் சொல்லிவிடுங்கள்.

வீடியோவும் அப்படித்தான். வாசிப்பவர் சம்மதிக்காமல் எடுக்கவும் கூடாது, வாட்ஸாப்பில் போடவும் கூடாது. தன் கல்யாணத்தைப் பற்றி, மாமியார் வீட்டைப் பற்றி எழுதும் பெண் அந்த நாற்பது பேரை நம்பித்தான் வாசிக்கிறாள். ஒரு வீடியோ வெளியே போனால் அவளும் வரமாட்டாள், அவளைப் பார்த்து வர நினைத்தவர்களும் வரமாட்டார்கள்.

செலவுக்கு வாசலில் ஒரு உண்டியல் வைத்தால் டீயும் சுண்டலும் தேறிவிடும். இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி வகுப்பறை, நூலகக் கூடம், நண்பர் வீட்டு மொட்டை மாடி என்று கேட்டுப் பாருங்கள். எது கிடைத்தாலும், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்பது போல ஒரே நாள், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் கிடைக்காத மாதத்திலும் திறந்த மேடையை மட்டுமாவது நடத்திவிடுங்கள்.

தேதி முடிவானதும் தெரிவியுங்கள். எங்கள் ஆட்கள் சிலரோடு வந்து வாசிக்கிறேன். தருமபுரிக்குத் திரும்பக் கடைசி வரை பஸ் உண்டு, அதனால் எங்கள் பெயரைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.