பதில்: சுமையோடு ஓடினால் முன்னங்கால் எலும்பு வலி

தம்பி, ராணுவத்தின் பாரா சிறப்புப் படையில் சேரத் தயாராவதற்காக பெங்களூரு அல்சூர் பக்கம் தார் ரோட்டில் 20 கிலோ பையோடு தினமும் 8 கிலோமீட்டர் ஓடுவதாகவும், கணுக்காலுக்கு மேலே எலும்பு வலிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்ஓரமாக நீளத்துக்குப் பரவலாக வலித்தால், இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீச்சல், சைக்கிள் போதும். ஒரே புள்ளியில் சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அது தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் முழு முறிவில்தான் போய் நிற்கும்.

குணமான பிறகும் சுமையோடு ஓடாதீர்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாரம், கப்பன் பார்க் மண் பாதையில் வேகநடை, வாரம் இரண்டு நாள். வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டலாம். கனமான பொருள் பையின் மேல்பாதியில், முதுகை ஒட்டி இருக்கட்டும். அடியில் மணல் மூட்டை தொங்கினால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் வளைவீர்கள்.

இன்னொன்று: பாரா சிறப்புப் படையின் புரொபேஷன் (கடுமையான தகுதிகாண் பயிற்சி) ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான். ஆள்சேர்ப்பு மைதானத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சுமையே கிடையாது. இப்போதைக்கு அதற்கும் புல்அப்புக்கும் தயாராகுங்கள்.