மல்லிகைக்குக் கடன் வாங்கும் முன் பட்டாவைப் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அதில் அரை ஏக்கர் மல்லிகை. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்; பத்து வருடமாகத் தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. பூக்கடையில் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறேன். வட்டி கிடையாது, ஆனால் பூவை அங்கேதான் போட வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட எனக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு. சராசரியாக நாளுக்கு 5 கிலோ, வருடத்தில் 200 நாள் பூ வரும். இன்னும் அரை ஏக்கரில் நாற்று நடவும் சொட்டுநீர் போடவும் 80,000 வேண்டும். அதே கடையில் கேட்கட்டுமா? நகையை அடகு வைக்கட்டுமா?

பதில்: சகோதரி, தோட்டத்தைப் ‘பார்க்கிறேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். விடியும் முன்னே எழுந்து பூப் பறிப்பவர் நீங்கள். நிலம் பெயரில் இல்லாவிட்டாலும் பயிர் செய்பவர் விவசாயிதான் என்று 2007-ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கையே சொல்கிறது. முதலில் நீங்கள் அதை நம்ப வேண்டும்.

கடைக்காரர் வட்டி வாங்கவில்லை என்கிறீர்கள். கணக்குப் போடுவோம். நாளுக்கு 5 கிலோ, 200 நாள் என்றால் 1,000 கிலோ. கிலோவுக்கு 20 வீதம் வருடத்துக்கு 20,000 ரூபாய் போகிறது. 40,000 கடனுக்கு இது 50 சதவீத வட்டி! அதுவும் அசல் அப்படியே நிற்க. ஆகவே அங்கே இன்னொரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

நகையை இந்தப் பழைய கடனை அடைக்க மட்டும் வையுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 4,000தான். மிச்சமாகும் 16,000-ஐ அப்படியே நகைக் கடனில் கட்டுங்கள். அப்புறம் பூவை நல்ல விலை கொடுக்கும் கடையில் போடலாம்.

சொட்டுநீருக்குக் கடனே வேண்டாம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. மானிய வரம்புக்கு மேல் போனால்தான் கைக்காசு. ஆனால் அதற்குச் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும், சான்றுக்கு நில ஆவணம் வேண்டும். எல்லாம் பட்டாவில் போய் முட்டுகிறது.

பட்டா விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி வாரிசுகள் மாமியார், உங்கள் கணவர், அவருடைய அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள். கணவர் உயிரோடு இருக்கும்போது மருமகள் அந்தப் பட்டியலில் வரமாட்டார். நாத்தனாருக்கும் சம பங்கு உண்டு. ‘அவளுக்குத்தான் சீர் செய்தாச்சே’ என்று ஊரில் சொல்வார்கள்; சீர் வேறு, பங்கு வேறு. உங்கள் உரிமையைக் கேட்கும்போது அவருடையதை விழுங்கிவிடாதீர்கள். அவராக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். அப்புறம் பாகம் பிரித்து, கணவர் தன் பங்கில் பாதியை உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுதித் தரட்டும். கணவன் மனைவிக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். அந்தப் பாதிக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 3 லட்சம் என்றால் மொத்தம் 6,000 ரூபாய்.

ஏன் பாதி மட்டும்? மத்திய அரசு பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்குத் தரும் 6,000 ரூபாய்க்கு 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு வாரிசு முறையில் வந்த நிலத்துக்குத்தான் விலக்கு, எழுதிக் கொடுத்ததற்கு இல்லை. முழுவதையும் மாற்றினால் குடும்பத்துக்கே அது கிடைக்காமல் போகலாம்.

உங்கள் பெயரில் பட்டா வந்துவிட்டால் கிசான் கடன் அட்டை கேட்கலாம். வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4. இப்போது 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. அதுவரை நாற்றுச் செலவுக்கு, மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், குழுவின் வங்கிக் கடனில் உங்கள் பங்கைக் கேளுங்கள்.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். வீட்டுக்காரர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு நாள் சேர்த்து லீவு போடச் சொல்லுங்கள். மாமனாரின் இறப்புச் சான்று, எல்லா வாரிசுகளின் ஆதார், மூலப்பத்திரம், சிட்டா இவற்றை ஒரு பையில் எடுத்துவைத்து, இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் அவரோடு நீங்களும் போங்கள்.