தோலோடு அரைத்த கற்றாழைச் சாறு: தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதங்களாகச் சோற்றுக்கற்றாழை மடலைத் தோலோடு அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கிறேன். மலச்சிக்கல் தீர்ந்தது, ஆனால் வயிற்றைப் பிசைகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். மலச்சிக்கலைத் தீர்த்ததும் வயிற்றைப் பிசைவதும் பெரும்பாலும் ஒரே பொருளின் வேலைதான். கற்றாழையின் பச்சைத் தோலுக்கு அடியில் மஞ்சள் நிறப் பால் இருக்கிறது. அதற்கும் உள்ளே இருப்பதுதான் வழுவழுப்பான சோறு. பாலில் உள்ள அலோயின் என்னும் பேதிப் பொருளைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் மாற்றியதும், அது குடலைத் தூண்டி நீரையும் உப்புகளையும் வெளியேற்றுகிறது. தோலோடு அரைத்ததால், அளவு தெரியாத பேதி மருந்தை நீங்கள் நாள்தோறும் குடித்துவந்திருக்கிறீர்கள்.

சித்த மருத்துவம் பாலையும் சோற்றையும் ஒன்றாகக் கருதியதில்லை. பாலை உலர்த்தி எடுக்கும் மூசாம்பரம் தனி மருந்து. அடிபட்ட வீக்கத்துக்கு அதை முட்டை வெண்கருவோடு குழைத்துப் பற்றுப் போடுவார்கள். சோற்றை உள்ளுக்குக் கொடுப்பதானால், மடலை வெட்டிப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, ஏழு முறை கழுவச் சொல்வார்கள். இன்றைய 'டீடாக்ஸ்' காணொளிகளில் முதலில் காணாமல் போவது அந்தக் கழுவல்தான்.

அமெரிக்க மருந்து நிர்வாகம், பாதுகாப்புக்குப் போதிய சான்று தரப்படாததால், மருத்துவர் சீட்டின்றி விற்கப்பட்ட பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலை 2002இல் விலக்கியது. பால் நீக்கப்படாத முழு மடல் சாற்றை இரண்டாண்டுகள் குடித்த எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் தோன்றியதால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கழுவிய சோற்றுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

கற்றாழைச் சோறு வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் காட்டினாலும், மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல. வெளிப்பூச்சில்தான் கற்றாழைக்கு நியாயமான இடம் உண்டு: சிறு தீப்புண், வெயிலில் கன்றிய தோல் ஆகியவற்றுக்குத் தடவலாம், ஆழமான புண்ணிலோ அறுவைத் தையலிலோ தடவக் கூடாது.

உங்கள் கெண்டைக்கால் இழுப்பை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சிறுநீர் மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. பேதியும் சேரும்போது அது மேலும் குறைந்து, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். இந்த வாரமே பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, சாறு குடித்ததையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல் திரும்பினால், இரவில் வெதுவெதுப்பான நீரில் இசப்கோல் கலந்து குடிக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். மாத்திரை விழுங்கும் நேரத்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.