இயேசுவுக்குக் களைப்பு தெரியுமா? திருவருகைக் காலக் கேள்வி பதில்

(பதிலளிப்பவர்: ஈரோடு வட்டாரத்தில் நெடுங்காலம் வேதபாடம் நடத்திவரும் உபதேசியார்)

கோபியிலிருந்து ஒரு தம்பி: கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் ஏன் ஆண்டுக்கு ஒரு தேதியில் தொடங்குகிறது?

நவம்பர் 30 இயேசுவின் சீடர் அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதனால் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் மாறி மாறி வரும்.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவந்து ஜெபிக்க உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுகிறது. மனம் உறுத்துகிறது. இயேசு கடவுளாயிற்றே, அவருக்கு இந்தக் களைப்பு தெரியுமா?

நன்றாகவே தெரியும் அம்மா. யோவான் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நடந்து களைத்து, உச்சிவேளையில் யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்துவிடுகிறார். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். நீர் இறைக்கக் கையில் ஒன்றுமில்லை. தண்ணீர் எடுக்க வந்த பெண்ணிடம் கேட்கிறார். மாற்கு 4இல் படகு புயலில் நிரம்புகிறது, அவரோ பின்பக்கத்தில் தலையணை வைத்து உறங்குகிறார். பகலெல்லாம் கூட்டத்துக்குப் போதித்த உடம்பு அது!

அவர் மனிதராகத் தோன்றினாரே தவிர மனிதராகவில்லை என்று சொன்னவர்கள் ஆதிச் சபையிலேயே இருந்தார்கள். அந்தியோக்கியா ஆயர் இக்னாசியுஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மறுத்து, இயேசு மெய்யாகப் பிறந்தார், உண்டார், குடித்தார், பாடுபட்டார் என்று எழுதினார். 451இல் ஆயர்கள் கூடிய கல்சேதோன் சங்கமும் அவர் முழுக் கடவுள், முழு மனிதர், பாவம் தவிர எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர் என்று அறிக்கையிட்டது. இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பசி நடிப்பென்றால் சிலுவையும் நடிப்பாகிவிடும். நீங்கள் முதலில் தூங்குங்கள். எழுந்தபின் ஜெபியுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: கிறிஸ்துமஸ் குடிலில் மாடும் கழுதையும் வைக்கிறோம். வேதத்தில் அப்படி இருக்கிறதா? எங்கள் பிள்ளைகள் காங்கேயம் கன்று வைக்க ஆசைப்படுகிறார்கள்.

லூக்கா தீவனத் தொட்டியை மட்டும்தான் சொல்கிறார். மாடும் கழுதையும் ஏசாயா 1:3இலிருந்து வந்து சேர்ந்தவை. 1223இல் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். காங்கேயம் கன்று தாராளமாக வைக்கலாம். ஒருமுறை பிள்ளைகளை விடியற்காலையில் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போங்கள். சாணமும் மூத்திரமும் கலந்த ஈரத்தரை, மாட்டின் எச்சில் பட்டு வழுவழுத்த தொட்டி விளிம்பு, முந்தைய நாள் தின்று மிச்சம்விட்ட சோளத்தட்டு. பச்சைக்குழந்தையைக் கிடத்த மரியாளுக்கு இப்படி ஓர் இடம்தான் வாய்த்தது. பஞ்சும் ஜிகினாவும் அதை மறைத்துவிடுகின்றன.

சென்னிமலையிலிருந்து ஒரு மாணவர்: உலக முடிவு வரும் அந்த நாள் மகனாகிய இயேசுவுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32 சொல்கிறதே?

சொல்கிறது. அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா 2:52உம் சொல்கிறது. மனித மனத்தோடு வாழ்ந்தவர் மெல்ல மெல்லத்தான் கற்றார். இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு அக்கா: கேரல் போகும் தெருவில் ஒரு வீட்டில் போன மாதம் மகன் தவறிவிட்டான். அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாமா?

தாண்டிப் போகாதீர்கள். இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார். அவரை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் அழுதார். டிரம்மைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நான்கைந்து பெரியவர்கள் மட்டும் உள்ளே போய் உட்காருங்கள். யோவான் 11 வாசியுங்கள். அந்தத் தாய் கேட்டால் ஒரு பாட்டுப் பாடுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டவர் வெளியிலேயே நிற்கட்டும்.