இனிப் பிரிக்கத் துணியில்லை

கேள்வி: திருமணத்தின்போது 52 கிலோ இருந்தேன். 17 வருடம், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு 74. முகூர்த்த ரவிக்கையின் உள்தையலை மூன்று முறை பிரித்தாயிற்று. இனிப் பிரிக்கத் துணியில்லை. கணவர் வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருகிறார். ஆனால், சேர்ந்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் நான் ஒதுங்கிவிடுகிறேன். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, வெறும் பழக்கமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ரவிக்கைக் கணக்கு எழுதினீர்கள். அவருடைய பேன்ட் இடுப்பு எத்தனை அங்குலம் கூடியது என்று எழுதவில்லையே, சகோதரி! என் வீட்டுக்காரர் 30-இல் தொடங்கி 38-க்கு வந்துவிட்டார். (இதை அவர் படிக்கமாட்டார்.) உங்களைக் குத்திப் பேசினார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, ஒதுங்குவது நீங்கள்தான். பூவை வாங்கித் தலையில் வைக்கும்போது இந்தக் கேள்வியை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

எடை வேறு விஷயம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உடம்பு கனக்கும், டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். எடையைக் கவனிப்பது உங்கள் முழங்காலுக்காக, போட்டோவுக்காக அல்ல.

ரவிக்கைக்குப் பக்கவாட்டில் வேறு பட்டுத்துணி ஒட்டுக்கொடுத்துத் தைக்கலாம். சேலைக்குள் யாருக்கும் தெரியாது.