ஆச்சி வீட்டை இடிப்பதற்கு முன் எதையெல்லாம் படம் எடுப்பது?

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஆச்சியின் ஓட்டு வீடு. வைகாசி பிறந்ததும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஆச்சிக்கு 81 வயது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிகிறது. செல்போனில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. எல்லாம் கல்யாணம், கோயில் கொடை, பிறந்தநாள். ஆச்சி அந்த வீட்டில் அன்றாடம் எப்படி இருந்தாள் என்று சொல்ல ஒரு படம்கூட இல்லை. நல்ல கேமரா வாங்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

பதில்: கேமரா வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை ஊருக்குப் போய் வாருங்கள். முப்பது வருடம் பிறர் வீட்டுக் கல்யாணங்களைப் படம் எடுத்தவன் நான். அம்மா போன பிறகு தேடிப் பார்த்தேன். அவள் அடுப்புக்கு முன் நிற்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் போனைத் தூக்கியதுமே ஆச்சி, "இரு, சேலையை மாத்திட்டு வாரேன்" என்பார். தடுக்காதீர்கள். நல்ல சேலையில், திருநீறு பூசி, அவர் விரும்பியபடி உட்கார வைத்து முதல் படத்தை எடுங்கள். பிரிண்ட் போட்டு அடுத்த முறை கையில் கொடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவில் பாதுகாத்திருக்கிறது. திரைச்சீலைக்கு முன் விறைப்பாக நிற்கும் அந்த முகங்களில், தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தாரோ அது இருக்கிறது. உங்கள் ஆச்சிக்கும் அந்த ஆசை நியாயமானது. அது நிறைவேறிய பிறகு பழைய சேலையோடு சொளவில் அரிசி புடைக்கும்போது எடுத்தால் பெரும்பாலும் மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால் போனை உள்ளே வைத்துவிடுங்கள். அவரைக் கேட்காமல் குடும்பக் குழுவில்கூடப் படத்தைப் போடாதீர்கள்.

இனி அன்றாடம். ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருங்கள். காலைக் காப்பி என்று வைத்துக்கொள்வோம். பால் பாக்கெட்டை வெட்டுவது, வெட்டிய மூலையை எங்கே போடுகிறார், பால் பொங்கும்வரை எதில் சாய்ந்து நிற்கிறார், முதல் டம்ளர் யாருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக எடுங்கள். வாசல்படியில் நின்று அடுக்களை முழுவதும் தெரிய ஒன்று, அவர் முகமும் கையும் தெரிய ஒன்று, கை மட்டும் ஒன்று. இந்த மூன்று தூரமும் இருந்தால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்தக் காலை முழுதாகக் கிடைக்கும்.

படத்துக்காக வீட்டை ஒதுங்க வைக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. குத்துவிளக்கையும் ஆட்டுரலையும் பத்துப் பத்துப் படம் எடுப்பார்கள். பிளாஸ்டிக் குடம், பால் கணக்கு எழுதிய காலண்டர், மாத்திரை டப்பா, உறை கழற்றாத டிவி ரிமோட், இவற்றை நகர்த்திவிடுவார்கள். ஆச்சியின் நாள் இவற்றோடுதான் கழிகிறது. சுவரில் தொங்கும் பழைய படங்களையும் கழற்றுவதற்கு முன் சுவரோடு சேர்த்து எடுங்கள். எந்த வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது கழற்றிய பிறகு மறந்துபோகும்.

தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை, புறவாசல், ஒவ்வொன்றிலும் தரையில் சாக்பீஸால் ஓர் அடையாளம் போடுங்கள். போகும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் ஒரு படம். இப்போது பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். வீடு காலியான நாளில் அதே அடையாளங்களில் நின்று கடைசியாக எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம். பிளாஷ் வேண்டாம். பகலில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும், அது சில படங்களில் பட்டை பட்டையாக விழும். கண்ணாடி ஓடு வழியே வெயில் விழும் இடம் வெளுத்துப்போகாமல் இருக்க, திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள். அகலக்கோண லென்ஸ் அறைக்கு நல்லது, முகத்துக்கு வேண்டாம். ஓரத்தில் இருப்பவரை இழுத்துக் காட்டும். முகத்தை அழகூட்டும் வசதி இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். ஆச்சியின் சுருக்கங்களை அழிக்க ஒரு செயலிக்கு எந்த உரிமையும் இல்லை.

எடுத்த படங்களை அன்று மாலையே ஆச்சியிடம் காட்டுங்கள். போனின் ஒலிப்பதிவை ஓட விட்டு, "இது என்ன, யார் வாங்கியது?" என்று கேளுங்கள். அந்த நார்க்கட்டில் யார் பிரசவத்துக்கு வந்தது என்பதைப் படம் சொல்லாது, ஆச்சிதான் சொல்வார். அவர் சொன்னதை ஒரு நோட்டில் படத்தின் எண்ணோடு, அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். செயலியில் எழுதும் குறிப்பு, படத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது கூடவே வரும் என்ற உறுதியில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கும். எடுத்த நாளும் இடமும் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. இப்போது இலவசமாகக் கிடைப்பது மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபிதான். ஆகவே மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று.

ஐநூறு எடுத்தால் அறுபதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. எடுத்த அன்றே பார்த்தால் எல்லாமே முக்கியமாகத் தெரியும். லேபில் 4×6 அளவில் பிரிண்ட் போடுங்கள். அந்தத் தாளின் பின்புறம் பென்சில் பிடிக்காது. பால்பாயிண்டை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய முனை மார்க்கரால் ஓரத்தில் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள். பசைத்தாள் ஆல்பம் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குப் படம் ஒட்டிக்கொண்டு கிழியும். மூடியுள்ள அட்டைப்பெட்டி போதும். வீடு கட்டி முடியும்வரை ஆச்சி யார் வீட்டில் இருந்தாலும் அந்தப் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.